டேங்க்கில் இடித்த ஹேண்டில்பார்

எங்க வீட்டு வண்டி ஹீரோ ஹோண்டா சிடி 100. இந்த வகை வண்டி முதன்முதலில் 1985-ல் வந்தது. எங்களுடையது 1996-ல் வாங்கியது. நான் பிறப்பதற்கு ரொம்ப வருஷம் முன்னாடியே வீட்டுக்கு வந்துட்டது, எனக்கு அக்கா மாதிரி. அப்பா விடியக்காலையில் தருவைகுளம் போய் மீன் எடுத்து, பின்னாடி பெட்டியில் ஐஸ் போட்டு, ஓட்டப்பிடாரம் பக்கம் ஊர் ஊராகப் போய் விற்பார்.

பங்குனி மாதம் ஒருநாள், உப்பளத்துக்கு நடுவே ஒரு திருப்பத்தில் இடது பக்கம் ஒடித்துத் திருப்பியிருக்கார். ஹேண்டில்பார் போய் டேங்க்கில் இடிச்சு, ஹாரன் சுவிட்ச்சுக்கும் டேங்க்குக்கும் நடுவில் கட்டைவிரல் மாட்டிக்கிட்டது. கையை எடுக்கவும் முடியலை, ஹேண்டிலை நேராக்கவும் முடியலை. வண்டியோட சாய்ஞ்சுட்டார். சாளை மீன் எல்லாம் உப்பு மண்ணில். (கருவாடு ஆயிடுச்சான்னு யாரும் கேட்காதீங்க. அன்னைக்கு வீட்டில் யாரும் சாப்பிடலை.)

ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினோம். டேங்க்கையும் ஹேண்டில்பாரையும் மாத்தணும், அதுக்கு வண்டியை எடைக்கே போட்டுடலாம்னு சொல்லிட்டாங்க. அப்பா பேசவே இல்லை. அம்மாதான், "நான் கூடையைத் தலையில வச்சு நடக்கேன்"னு சொன்னாங்க. அம்மாவுக்கு முழங்கால் வலி.

ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். அவர் விசைப்படகு என்ஜின் வேலை பார்க்கிறவர். டேங்க்கில் இருந்த பள்ளத்தைத் தடவிப் பார்த்துட்டு, "ஏட்டி, அடி வாங்கினவன்தான் குத்தவாளியா? ஹேண்டில்பார் எதுல போய் நிக்கணும்னு முதல்ல பாரு"ன்னார்.

ஹேண்டில்பார் கிளாம்ப்பில் உருண்டு இறங்கியிருக்கான்னு பார்த்தோம். இல்லை. டேங்க்கை அசைச்சா லேசா ஆடிச்சு. முன்பக்க ரப்பர் நசுங்கிப் போயிருந்தது. ஆனா அதுக்காக இவ்வளவு தூரம் இடிக்காதாம்.

அப்புறம் மாமா என்னைக் கீழே படுத்துப் பார்க்கச் சொன்னார். ஹெட்லைட்டுக்கு அடியில், போர்க்கைப் பிடிச்சிருக்கிற தகட்டில் சின்னதா ஒரு மேடு இருக்கும். ஹேண்டிலைத் திருப்பினா அது சேசிஸ் கழுத்தில் இருக்கிற ஸ்டாப்பரில் போய் முட்டும். அதுக்கு மேல் திரும்ப விடாது. என் பையில் இருந்த சாக்பீஸை அந்த மேட்டின் ரெண்டு பக்கமும் தேய்ச்சேன். (டீச்சர், அது வகுப்பறை சாக்பீஸ். மன்னிச்சிருங்க.) ஹேண்டிலை ரெண்டு பக்கமும் முழுசாத் திருப்பினோம். வலது பக்கம் திருப்பினப்போ சாக்பீஸ் ஸ்டாப்பரில் ஒட்டியிருந்தது. இடது பக்கம் ஒட்டவே இல்லை. அந்தப் பக்கத்து ஸ்டாப்பர் துருப்பிடிச்சு, பாதி உடைஞ்சு மடங்கிக் கிடந்தது! எங்களுக்கு முன்னாடி யாருமே குனிஞ்சு பார்க்கலை.

இது கம்பெனி தப்பு இல்லை. உப்பளக் காத்தும், பெட்டியிலிருந்து ஒழுகிற ஐஸ் தண்ணியும் இரும்பை விடுமா?

இன்னொரு கோளாறும் இருந்தது. சென்டர் ஸ்டாண்ட் போட்டு, அடியில் கட்டை வச்சு முன்சக்கரத்தைத் தூக்கினோம். ஒரு தட்டு தட்டினா ஹேண்டில் தானா ஓரத்துக்குப் போகணும். எங்களுது நடுவில் 'டக்'குன்னு உட்கார்ந்துக்கிட்டது. கோன் செட் போயிருக்குன்னார் மாமா. கழுத்துக்குள்ளே இருக்கிற குண்டுகள் வருஷக்கணக்கா ஒரே இடத்தில் அடி வாங்கி அங்கேயே குழி பறிச்சிருக்கு. கிரீஸ் காய்ஞ்சு செங்காவி நிறம். வண்டி நேரா போகாம அலையுதுன்னு அப்பா ஒரு வருஷமா சொன்னது இதுதான். நாங்க டயர்னு நினைச்சோம்.

டேங்க்கைக் கழற்றித் தூரமா வச்ச பிறகுதான் ஸ்டாப்பரை வெல்டிங் பண்ணினாங்க. பெட்ரோல் பக்கத்தில் தீப்பொறி ஆகாது. புது கோன் செட், டேங்க் ரப்பர் எல்லாம் சேர்த்தும் டேங்க் விலையில் கால்வாசி ஆகலை. கோன் நட்டை மட்டும் மாமா மூணு தடவை இறுக்கி இறுக்கித் தளர்த்தினார். ரொம்ப இறுக்கினா ஹேண்டில் கனக்கும், விட்டா பிரேக் பிடிக்கும்போது முன்னாடி ஆடும்.

இப்போ முழுசா ஒடிச்சாலும் ஹேண்டிலுக்கும் டேங்க்குக்கும் நடுவில் என் ரெண்டு விரல் நுழையுது. பள்ளத்தைத் தட்டி எடுக்க அப்பா விடலை. அவர் கட்டைவிரல் நகம் இன்னும் கறுப்பாத்தான் இருக்கு. திங்கட்கிழமை விடியக்காலையில் தருவைகுளம் கிளம்பிட்டார்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி