பதினேழு இன்ச்

அப்பா அந்த வண்டியை வாங்கியது 2010இல். ஈரோடு சந்தையில் மஞ்சள் குவிண்டாலுக்கு 15,000 ரூபாயைத் தாண்டிய வருஷம். கோபி, அந்தியூர், பவானி பக்கம் மஞ்சளை இருப்பு வைத்திருந்தவர்கள் எல்லோருமே அந்த வருஷம் ஏதோ ஒன்று வாங்கினார்கள். போர்வெல் போட்டார்கள், டிராக்டர் எடுத்தார்கள், மகளுக்கு நகை செய்தார்கள். அப்பா திருப்பூருக்குப் போய் ஒரு பனியன் கம்பெனிக்காரரிடமிருந்து 1996 மாடல் மெர்சிடிஸ் பென்ஸ் இ220ஐ ஓட்டிக்கொண்டு வந்தார். அம்மா மூன்று நாள் அவரிடம் பேசவில்லை. அடுத்த வருஷமே மஞ்சள் விலை விழுந்துவிட்டது. "அன்னைக்கு வாங்காம உட்டிருந்தா எந்தக் காலத்துலயும் வாங்கியிருக்க மாட்டேன் கண்ணு" என்று அதற்கும் ஒரு நியாயம் வைத்திருந்தார்.

கார் தெரிந்தவர்கள் அதை டபிள்யூ124 என்பார்கள். ஜெர்மனியில் 1984இல் வந்த வடிவம். புரூனோ சாக்கோ வடிவமைப்புக்குத் தலைமை தாங்கிய காலம். பத்து வருஷம் கழித்து மெர்சிடிஸ் இந்தியாவுக்கு வந்தபோது, 1995இல் பூனாவில் முதலில் தயாரித்ததும் இதைத்தான். முன் கண்ணாடிக்கு ஒரே ஒரு வைப்பர். பாதி வட்டம் போடும்போதே மூலைகளை எட்டுவதற்காக நீண்டு சுருங்கும். மழை வந்தால் அதைக் காட்டுவதற்கென்றே அப்பா யாரையாவது வண்டியில் ஏற்றிக்கொள்வார். ஊரில் நிறைய பேர் "ஷூட்டிங்குக்கு வந்த வண்டிங்களா?" என்று கேட்டார்கள். கோபியில் இது நியாயமான கேள்விதான்.

எனக்கு அந்த வண்டியில் ஒரே ஒரு குறை இருந்தது. சக்கரம் சின்னது.

15 இன்ச் இரும்புச் சக்கரம், அதன்மேல் வட்ட மூடி, சுற்றிலும் தடியான டயர். அந்தக் காலத்தில் அதுதான் அளவு. இப்போது சாதாரண ஹேட்ச்பேக்கே 16 இன்ச்சில் வருகிறது. புதிய கார்களுக்கு நடுவே நிறுத்தினால், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ரப்பர் செருப்போடு வந்தவர் மாதிரி இருக்கும். 2022இல் சித்தப்பா மகன் கல்யாணம். மண்டபத்து வாசலில் வரிசையாகப் பளபளக்கும் எஸ்யூவிகள். ஒரு மாமா எங்கள் வண்டியைப் பார்த்து, "இன்னும் இதையேதான் ஓட்டறீங்களா மாப்ள?" என்றார். மென்பொருள் வேலையில் பத்து வருஷம் போட்ட எனக்கு அது சுருக்கென்று தைத்தது. அந்த மாதச் சம்பளம் வந்ததும் கோவைக்குப் போய் 17 இன்ச் அலாய் சக்கரங்களை வாங்கினேன்.

கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. நான் இன்ஜினியர். எக்செல் போட்டேன். பழைய டயர் 195/65 ஆர்15. அதாவது அகலம் 195 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 சதவீதம், ரிம்மின் விட்டம் 15 இன்ச். கூட்டிப் பார்த்தால் மொத்த விட்டம் 634.5 மில்லிமீட்டர். புதியது 225/45 ஆர்17. அதன் மொத்த விட்டம் 634.3. கால் மில்லிமீட்டர்கூட வித்தியாசமில்லை! ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது, கியர் விகிதம் மாறாது. ஐந்து போல்ட், 112 மில்லிமீட்டர் வட்டம், நடுத்துளை 66.6 என்று எல்லாம் பொருந்தியது. டயரின் சுமைக் குறியீடு 91, அதாவது ஒரு டயருக்கு 615 கிலோ. பழையதற்கும் அதே. ரிம்மின் ஆஃப்செட் சரியாக இருந்ததால் ஃபெண்டரிலும் இடிக்கவில்லை. என் எக்செல்லில் எல்லாக் கட்டமும் பச்சை.

வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தியதும் அப்பா ஒருமுறை சுற்றி வந்தார். ஒரு சக்கரத்தின் மேல் கையை வைத்துப் பார்த்தார். "ஜோரா இருக்குது" என்றார். அவ்வளவுதான்.

2023இல் அப்பாவுக்கு பைபாஸ் நடந்தது. நெஞ்செலும்பை நடுவே பிளந்து, வேலை முடிந்ததும் கம்பியால் இழுத்துக் கட்டுவார்கள். அந்த எலும்பு கூடுவதற்கு இரண்டு மூன்று மாதமாகும். அதுவரை இருமினாலும் தும்மினாலும் நெஞ்சோடு ஒரு தலையணையை அணைத்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினார்கள். பரிசோதனைக்காகக் கோவைக்குப் போய்வர வேண்டியிருந்தது. கோபியிலிருந்து அவிநாசி வழியாக ஒருநடை 80 கிலோமீட்டருக்குப் பக்கம். முதல் இரண்டு முறை நான்தான் ஓட்டினேன். அப்பா பின்சீட்டில், அம்மா பக்கத்தில். மூன்றாவது முறை கிளம்பும்போது அப்பா சொன்னார்:

"நா பஸ்லயே போயிக்கறேன் கண்ணு. பெட்ரோல் வெல என்னன்னு பாத்தியா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏனுங்ப்பா, வாசல்ல பென்ஸ வச்சுக்கிட்டு, ஆபரேஷன் பண்ணுன ஆளு பஸ்ல போவீங்களா? ஊருல என்ன பேசுவாங்க?" என்று கத்தினேன். அப்பா ஒன்றும் சொல்லாமல் தலையணையை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினார்.

அன்று இரவு சாப்பிடும்போது அம்மாதான் சொன்னார். "நீ முன்னாடி பாத்து ஓட்டற, உனக்குத் தெரியாது. குழாய்க்குத் தோண்டி மூடுன எடம் வந்துச்சுன்னா, அதுக்கு முன்னாடியே அவுரு தலகாணியக் கட்டிக்கிட்டுக் கண்ண மூடிக்கறாரு. அவிநாசி வரைக்கும் எத்தன எடம் இருக்குதுன்னு எண்ணி வச்சிருக்காரு சாமி."

மறுநாள் நண்பனை ஓட்டச் சொல்லிவிட்டு அப்பா உட்காரும் இடத்தில் உட்கார்ந்தேன். ஸ்டியரிங் கையில் இருக்கும்போது பள்ளம் வருவது உடம்புக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். பின்சீட்டில் அது தெரியாது. ஒவ்வொரு ஊரிலும் வேகத்தடை. ஊருக்கு ஊர் ரோட்டின் குறுக்கே வெட்டி அரைகுறையாக மூடிய குழாய்ப் பள்ளம். ஒவ்வொன்றும் முதுகெலும்பில் வந்து 'டக்' என்று முடிந்தது. நான் ஆரோக்கியமான ஆள். எனக்கே அப்படி இருந்தது.

வீட்டுக்கு வந்து எக்செல்லைத் திறந்தேன். மொத்த விட்டம் மாறவில்லை என்று சந்தோஷப்பட்டிருந்தேனே, ரிம் 2 இன்ச் பெருத்தும் விட்டம் மாறவில்லை என்றால் அந்த 2 இன்ச் எங்கிருந்து வந்தது? டயரிலிருந்து. மேலே ஓர் இன்ச், கீழே ஓர் இன்ச். பழைய டயரின் பக்கச் சுவர் 126.75 மில்லிமீட்டர். புதியதில் 101.25. ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவே இருந்த காற்றில் ஓர் இன்ச்சை, காசு கொடுத்து நானே எடுத்திருக்கிறேன்.

வண்டியின் முதல் ஸ்பிரிங் டயர்தான். பள்ளத்தின் கூர்மையான விளிம்பை முதலில் வாங்கி மழுக்குவது அந்தப் பக்கச் சுவர். மிச்சத்தைத்தான் சுருள் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் வாங்கிக்கொள்கின்றன. டபிள்யூ124இன் பின்பக்கம் ஒவ்வொரு சக்கரத்தையும் ஐந்து தண்டுகள் பிடித்திருக்கும். அந்தத் தண்டுகள், ரப்பர் புஷ்கள், ஸ்பிரிங், டயர் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே கணக்காகத்தான் போட்டிருப்பார்கள். அதில் ஒன்றை மட்டும் நான் மாற்றிவிட்டு, மற்றவை அப்படியே வேலை செய்யும் என்று எதிர்பார்த்தேன். கோடில் ஒரு ஜூனியர் இப்படிச் செய்தால் ரிவ்யூவில் கிழித்துவிடுவேன். அகலம் கூடியதால் வளைவில் பிடிப்பு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வளைவில் வேகமாகப் போவதற்கா எங்கள் வீட்டில் அந்த வண்டி இருந்தது?

நடுவே ஒரு வழி உண்டு. 205/55 ஆர்16. பக்கச் சுவர் 112.75, மொத்த விட்டம் 631.9. பார்ப்பதற்கும் பரவாயில்லை, பள்ளத்தையும் ஓரளவு தாங்கும். நல்ல ரோட்டில் மட்டும் ஓட்டுகிற யாராவது இந்த மாதிரி பழைய வண்டிக்கு என்ன போடலாம் என்று கேட்டால் இன்றும் இதைத்தான் சொல்வேன். ஆனால் வாங்கும்போது பக்கச் சுவரில் இருக்கும் நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2223 என்றிருந்தால் 2023ஆம் ஆண்டின் 22ஆவது வாரம் செய்தது. பழைய ஸ்டாக் டயர் புத்தம் புதிதாகத் தெரிந்தாலும் அதன் ரப்பர் இறுகியிருக்கும்.

நான் 16ஐ வாங்கப் போகவில்லை. சமரசம் தேட எனக்கு மனசில்லை. பழைய 15 இன்ச் சக்கரங்கள் எங்கே என்று அப்பாவிடம் கேட்டேன். பழைய இரும்புக்குப் போயிருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன்.

"மஞ்சக் குடோன்ல சாக்குக்கு அடியில கெடக்குது பாரு" என்றார்.

நாலும் இருந்தன. துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் தடவி, படுக்கவைத்து அடுக்கியிருந்தார். வட்ட மூடிகள் தனியாக ஒரு பையில். பழைய போல்ட்டுகள் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில். அந்த பாட்டிலைப் பார்த்து எங்கள் மெக்கானிக் அண்ணன்தான் அதிகம் சந்தோஷப்பட்டார். "இரும்புச் சக்கரத்துக்குக் குட்ட போல்ட்டுங் தம்பி. அலாயுக்கு வந்த நீட்டு போல்ட்ட இதுல மாட்டுனா, உள்ள போயி பார்க்கிங் பிரேக்குல இடிச்சுரும். உங்கப்பா வெவரமான ஆளுங்." புதிதாக நான்கு 195/65 ஆர்15 டயர் வாங்கி மாட்டினோம். அலாயைவிடப் பல மடங்கு மலிவு.

அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது நான் பேசவே இல்லை. கண்ணாடியில் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் வேகத்தடைக்கு வழக்கம்போலத் தலையணையைக் கட்டிக்கொண்டார். இரண்டாவதற்கும். குழாய்ப் பள்ளம் ஒன்று கடந்தது. ஏதோ யோசிப்பவர் மாதிரி சன்னல் பக்கம் திரும்பினார். அவிநாசி வருவதற்குள் தூங்கிவிட்டார். தலையணை மடிக்குச் சரிந்து கிடந்தது.

திரும்பி வரும் வழியில் டீ குடிக்க நிறுத்தியபோது கேட்டேன்.

"ஏங்ப்பா, அப்பவே சக்கரம் சரியில்லன்னு சொல்லியிருக்கலாமல்லங்க?"

டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். "ஆசையா போட்டியே கண்ணு."

அந்த அலாய் சக்கரங்கள் இப்போது குடோனில் இருக்கின்றன. விற்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். போன மாதம் போய்ப் பார்த்தேன். அவற்றுக்கும் எண்ணெய் தடவி வைத்திருக்கிறார்.