காலடியில் ஒரு கணப்பு

மலைநாட்டுக் குளிர் வானத்திலிருந்து இறங்குகின்றதென்றே நம்மவரிற் பெரும்பாலோர் எண்ணுகின்றனர். மூடுபனி கூரையைத் தழுவக் கண்டதும் தலைக்குத் துணி கட்டுவர், காதைப் பொத்துவர், கம்பளிச் சட்டையைக் கழுத்துவரை மாட்டிக்கொள்வர். கால்களைப்பற்றி நினைப்பார் இலர். கியா பார்மில் ஓராண்டு குடியிருந்தவரைக் கேளுங்கள். எலும்பைக் குடையும் குளிர் தரையினின்று ஏறுவது என்று அவர் சொல்வார்.

இவ்வூர் கடல்மட்டத்துக்கு 5,000 அடிக்கு மேலே, பிரிஞ்சாங் பட்டணத்தை அடுத்து, தேயிலைச் சரிவுகளுக்கும் காய்கறித் தோட்டங்களுக்கும் நடுவே அமைந்துள்ளது. பகலில் உலாவ வருவோர் இக்குளிரை இன்பமென்பர். இரவில் தரையில் படுப்போர் அவ்வாறு சொல்வதில்லை. 1978ஆம் ஆண்டு பிப்ரவரி 1ஆம் நாள் கேமரன் மலையில் வெப்பம் 7.8 பாகை சென்டிகிரேடுக்கு இறங்கியதாகப் பதிவு உண்டு. அத்தகைய இரவு அரிது. ஆயினும் ஈரமண்ணின்மேல் நேரே ஊற்றிய சிமெண்டுத் தரை எவ்விரவிலும் நம் உடற்சூட்டை இடைவிடாது உறிஞ்சிக்கொண்டேயிருக்கும். ஒரே அறையில் ஒரு பலகையின்மேல் ஒரு காலும் சிமெண்டின்மேல் மறு காலும் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே வெப்பநிலையில் உள்ளவையே. எனினும் சிமெண்டு நம் சூட்டை விரைந்து கடத்திச் செல்வதால் அதுவே நமக்குக் குளிர்கின்றது.

ஆங்கிலப் பள்ளியிற் படித்த நாளில் எனக்குக் குளிர் என்றவுடன் பாடப்புத்தகப் படமொன்றே நினைவுக்கு வரும். செங்கல் கணப்பு, அதன்முன் சாய்வு நாற்காலி, காலடியில் ஒரு நாய். இம்மலையில் ஆங்கிலேயர் எழுப்பிய பழைய மாளிகைகளில் அக்கணப்பை இன்றும் காணலாம். ஆனால் அது நாற்காலியில் அமர்வோருக்கென அமைந்த கருவி. அதன் வெப்பத்தில் பெரும்பங்கு புகைபோக்கி வழியே வானுக்குப் போய்விடும். அறையிற் சூடேறிய காற்றும் மேலெழுந்து கூரையைத் தொடும். பாய்விரித்துப் படுப்பவனுக்கு மிஞ்சுவது மிகச் சொற்பம். துரைமார் வீட்டில் கணப்பு இருந்தது, லயத்தில் இல்லை. இதை நாம் அறிவோம். லயத்துக்கு அக்கணப்பு வந்திருந்தாலும் தரையிற் படுத்த நம் மக்களுக்கு அது போதிய பயன் தந்திராது என்பதையும் உடன் அறிதல் வேண்டும்.

நம்மைப்போலவே தரையில் அமர்ந்து, தரையில் உண்டு, தரையில் உறங்கிய மக்கள் கொரிய நாட்டார். அவர்கள் நெருப்பைத் தரைக்கு அடியிலேயே வைத்தனர். அம்முறைக்கு ஒண்டோல் என்று பெயர். சமையலறை அடுப்பின் புகையும் சூடும் அடுத்த அறையின் கற்றளத்துக்குக் கீழுள்ள கால்வாய்களின் வழியே ஓடி, மறுபுறம் புகைபோக்கியால் வெளியேறும். கல்லின்மேல் களிமண் பூசி, அதன்மேல் எண்ணெய் ஊட்டிய காகிதம் ஒட்டுவர். சோறு சமைத்த நெருப்பே இரவெல்லாம் அறையைக் காக்கும். அடுப்புக்கு அருகான, மிகவும் கதகதப்பான இடம் முதியோருக்கும் விருந்தினருக்கும் உரியது. அரண்மனையிலும் குடியானவன் குடிலிலும் இம்முறை ஒன்றே. 2018இல் கொரிய அரசு இதனைத் தேசியப் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாக ஏற்றது.

பழைய உரோமரும் தளத்தைத் தூண்களின்மேல் உயர்த்தி, அடியில் அனற்காற்றைச் செலுத்தினர். ஆனால் அங்கே நீராடினோர் ஒரு கூட்டம். உலைவாயிற் புகையுண்டு விறகு தள்ளிய அடிமைகள் வேறொரு கூட்டம். அமெரிக்கக் கட்டடக் கலைஞர் பிராங்க் லாய்டு ரைட் ஜப்பானில் கொரிய முறை அறையொன்றைக் கண்டு வியந்தார். பின்னர் 1937இல் முடிவுற்ற ஜேக்கப்ஸ் இல்லத்தில் தளத்தின் கீழ்க் குழாய் பதித்து வெப்பமூட்டினார். அவ்வீடு ஒரு பத்திரிகை நிருபரின் எளிய குடும்பத்துக்காக 5,500 டாலரிற் கட்டப்பட்டது. நற்கருவி எளியவன் வீட்டுக்கும் வரலாம் என்பதற்கு அது சான்று.

எங்கள் வீட்டில் அன்னையார் படுக்கும் அறை எட்டடிக்குப் பத்தடி. வாழ்நாளெல்லாம் கொழுந்து கிள்ளியவர், முழங்கால் வலியுடையவர். கட்டில் வாங்கிப் போட்டும் அவர் பாயை விடவில்லை. ஆகவே தரையை மாற்றத் துணிந்தேன். முதலில், சூடு மண்ணுக்குள் இறங்காதபடி பழைய தளத்தின்மேல் வெப்பந்தடுக்கும் பலகை பரப்பினோம். அதன்மேல் மின்கம்பி பின்னிய வலைவிரிப்பு, அதன்மேல் பசைச்சாந்து, மேலே ஓடு. சதுர மீட்டருக்கு 150 வாட் வீதம் ஆறு சதுர மீட்டருக்கு 900 வாட். இடைவிடாது எரிந்தால் மணிக்கு ஒரு யூனிட்டுக்கும் சற்றே குறைவு. தளத்துள் வைத்த உணர்கருவி உரிய சூடு வந்ததும் ஓட்டத்தை நிறுத்திவிடுமாதலால் உண்மைச் செலவு இன்னும் குறையும்.

உரிமம் பெற்ற மின்பணியாளர் கம்பியை மும்முறை சோதித்தார்: விரிக்குமுன், விரித்தபின், ஓடு பதித்தபின். மின்கசிவு நேரின் ஓட்டத்தைத் தானே அறுக்கும் கருவியும் பொருத்தப்பட்டது. சாந்து முற்றும் இறுகுமட்டும் பல நாள் பொறுத்தோம். இத்தளத்தின்மேல் தடித்த மெத்தையும் காலில்லாப் பேழையும் ஆகா. சூடு அடைபட்டுக் கம்பிக்குக் கேடு விளையும். கோரைப்பாயே ஏற்றது. எது பழமையென்று நகைக்கப்பட்டதோ அதுவே இங்குப் பொருந்திற்று.

தளத்தின் சூடு 29 பாகையைத் தாண்டலாகாது என்பது பொதுவிதி. அது நம் தோலின் சூட்டினும் குறைவு; ஆகையால் சுடுவதில்லை, குளிராமல் மட்டும் இருக்கும். நாங்கள் 26இல் நிறுத்தியுள்ளோம். முதல்நாள் விடியலில் அன்னையார் கால் நீட்டி உறங்கக் கண்டேன். அவர் சுருண்டு படுப்பதையே அதுவரை கண்டிருந்தேன். எழுந்தவர் என்னைப் புகழவில்லை.

“தம்பி, லயத்திலே உன் தங்கச்சியைத் தரையில் போட்டால் விறைத்துவிடுமென்று விடியமட்டும் என் வயிற்றின்மேலேயே போட்டுக்கொண்டு கிடப்பேன். விடிந்ததும் கூடையைத் தூக்கிக்கொண்டு மலையேறுவேன்” என்றார்.

மின்விரிப்பின் விலையைக் கேட்டு முகம் சுளித்த நண்பர்களுக்கு இதைவிட வேறு விடை என்னிடம் இல்லை. அன்னையொருத்தி தன் உடலையே தளமாக்கி ஈடுசெய்த குறை அது. எந்தக் கணக்குப் புத்தகத்திலும் அச்செலவு ஏறியதில்லை.

வீடெல்லாம் இவ்வாறு செய்யவேண்டுமென நான் சொல்லவில்லை. முதியோர், பிள்ளைபெற்றோர், கைக்குழந்தை உறங்கும் ஓரறை போதும். அதற்கும் வகையில்லாதார் செய்யத்தக்கவை உண்டு. புதுத்தளம் ஊற்றுங்கால் அடியில் ஈரந்தடுக்கும் தாள் விரிக்கலாம். படுக்குமிடத்தில் மட்டுமேனும் தாழ்ந்த பலகைமேடை அமைக்கலாம். இம்மலையின் பழங்குடியினரான செமாய் மக்கள் தம் மூங்கில் வீட்டை மண்ணினின்று உயர்த்தியே கட்டினர். அறிவு அங்கேயே இருந்தது. ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: கரிச்சட்டியை மூடிய அறைக்குள் வைத்து உறங்காதீர்கள். கொரியாவிலேயே நிலக்கரிக் கட்டிகளை எரித்த காலத்தில் தளவிரிசல் வழியே கசிந்த நச்சுக்காற்று பலருயிரை உறக்கத்திலேயே கொண்டுபோயிற்று.

தொழிலாளர் குடியிருப்புக்கு 1990இல் சட்டம் வந்தது. 2019இல் அது திருத்தவும் பட்டது. இன்று அக்குடியிருப்புகளில் நம்மவரோடு வங்காள தேசத்தாரும் நேபாளத்தாரும் இந்தோனேசியரும் உறங்குகின்றனர். பழைய லயங்களை இடித்துப் புதுவீடு கட்டுமிடங்களில் கூரையையும் சுவரையும் அளந்து பார்ப்போர் உளர். தளத்தையும் பாருங்கள் என்று நாம் கேட்கவேண்டும். தளம் ஊற்றும் அன்று விரிக்கும் தடுப்புக்குச் செலவு சிறிது. வீடு முடிந்தபின் உடைத்துச் செய்வதோ பெரிது. ஆகவே சிமெண்டு குழைக்குமுன்னரே கேளுங்கள். எழுத்தறிந்த கிராணிமார் மனுவை எழுதித் தருக; தொழிலாளத் தோழர்கள் ஒருங்கே கையொப்பமிடுக.