எழுத்துக்குத் தீ வைப்பது எப்படி?

பொங்கல் விழாவோ கபடிப் போட்டியோ, நோட்டீஸில் தலைப்பு தகதகவென்று எரிந்தால்தான் நம்ம ஆட்களுக்குத் திருப்தி. எனக்கும்தான். பகலெல்லாம் பேங்கில் லோன் ஃபைல், ராத்திரி இங்க்ஸ்கேப். 2003-ல் சோடிபோடியிலிருந்து பிரிந்து வந்த இலவச சாஃப்ட்வேர். யூனிகோட் தமிழை உடைக்காமல் காட்டும்.

கம்ப்யூட்டரைத் திறக்கும் முன் ஒரு கற்பூரம் ஏற்றிப் பாருங்கள். அடியில் சுடர் மங்கல். அதற்கு மேல் பளீர் மஞ்சள். நுனி சிவந்து, மெலிந்து, புகையாகிவிடும். அந்த மஞ்சளே சூடேறிய கரித்துகள்களின் ஒளிதான். முழுக்க ஒரே சிவப்பை அடித்தால் நெருப்பு வராது, தக்காளி சட்னிதான் வரும் :-)

செய்முறை சுலபம். கறுப்புப் பின்னணி. தடித்த எழுத்தில் தலைப்பு. பெஸியர் டூலால் வளைந்து நெளிந்த தீநாக்குகள், ஒன்று போல் இன்னொன்று இருக்கக் கூடாது. பெரியது சிவப்பு, அதற்குள் ஆரஞ்சு, அதற்குள் மஞ்சள், நடுவில் வெள்ளைக்குப் பக்கத்து மஞ்சள். ஒவ்வொன்றும் மேலே போகப் போக கிரேடியன்ட்டில் கரைய வேண்டும். வெளியே பிளர் அதிகம், உள்ளே குறைவு. பிளெண்ட் மோட் ஸ்க்ரீன். ஓரம் இன்னும் கலைந்து தெரிய டர்புலன்ஸ் ஃபில்டர் இருக்கிறது. கென் பெர்லின் 1980-களில் கண்டுபிடித்த கணக்கு அது. 1997-ல் ஆஸ்கர் அகாடமியின் தொழில்நுட்ப விருதே வாங்கிக் கொடுத்தது.

சிக்கல் இதற்குப் பிறகுதான். ஆங்கிலப் பாடங்கள் எல்லாம் எழுத்தின் தலையை இழுத்துச் சுடராக்கச் சொல்கின்றன. அவர்களுடைய பெரிய எழுத்துகளின் தலையில் ஒன்றும் கிடையாது. நமக்குப் புள்ளி, மேல்விலங்கு, சுழி எல்லாம் அங்கேதான் குடியிருக்கின்றன.

எங்கள் நீலசந்திராவில் ஆடி மாதம் ஒட்டியிருந்த தீமிதி நோட்டீஸ் முன்னால் என் மகள் நின்றுவிட்டாள். கன்னடமும் ஆங்கிலமும் பள்ளியில். தமிழ் வீட்டில், எழுத்துக்கூட்டி.

"அப்பா, தமத-ன்னா என்ன?"

மூன்று எழுத்து, மூன்றிலும் மேல்விலங்கு, மூன்றும் சுடருக்குள் போய்விட்டன. எனக்குப் பழக்கத்தில் 'தீமிதி' என்று தெரிந்தது. அவளுக்கு அங்கே இருந்ததுதான் தெரிந்தது. சிங்கப்பூர் சௌத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலில் வருஷா வருஷம் தீமிதி பார்க்கும் குழந்தைகளில் எத்தனை பேர் இப்படித்தான் வாசிக்கிறார்களோ! இந்தப் பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கக் கிடைப்பதே சுவரிலும் நோட்டீஸிலும்தான்.

அதனால் என் வழி இது. எழுத்தை எரிக்காதீர்கள், விறகாக்குங்கள். எழுத்து கறுப்பு, ஓரத்தில் மட்டும் தணல் மாதிரி மெல்லிய ஆரஞ்சுக் கோடு, நெருப்பு முழுக்கப் பின்னால். சுடர் மேல்விலங்கைத் தாண்டி உயர வேண்டும், இல்லையென்றால் கறுப்பில் கறுப்பு. மெய்யெழுத்தின் புள்ளிக்குப் பின்னால் மட்டும் மஞ்சளைக் கொஞ்சம் கூட்டிவிடுங்கள். கன்னடத்துக்கும் இதே வைத்தியம்தான், அவர்களுடைய தலைக்கட்டும் உச்சியில்தானே.

பிரஸ்ஸுக்குக் கொடுக்கும் முன் ஆப்ஜெக்ட் டு பாத் போட்டுவிடுங்கள், அவர்களிடம் அந்த ஃபான்ட் இருக்காது. பிடிஎஃப் எடுக்கும்போது ஃபில்டருக்கு 300 டிபிஐ. திரையில் ஜொலிக்கும் ஆரஞ்சு காகிதத்தில் கொஞ்சம் மங்கும், பயப்பட வேண்டாம். அடுத்த ஆடிக்கு நோட்டீஸை நானே செய்து தருகிறேன் என்று கோயில் கமிட்டியிடம் சொல்லியிருக்கிறேன். ஒரு நிபந்தனைதான்: ப்ரூஃபை முதலில் பார்ப்பது என் மகள்.