ரோஜாவுக்கு மருந்து... அப்பா கற்றுத்தந்த பாடம்!

அவிநாசிபாளையத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் அம்மா ஆசையாக வளர்க்கும் ரோஜா. போன மாதம் இலையெல்லாம் மாவு தூவியதுபோல வெள்ளை. சாம்பல் நோய்!

ஹைப்போகுளோரஸ் அமிலம் தெளித்தால் பூஞ்சை போகும் என்று படித்திருந்தேன். பாத்ரூம் கழுவ வைத்திருந்த பிளீச்சிங் திரவத்தை போர் தண்ணீரில் கலந்து தெளித்தேன். மறுநாள் இலை ஓரங்கள் கருகிவிட்டன. வெள்ளை மட்டும் அப்படியே இருந்தது.

விஷயம் பி.ஹெச் அளவில் இருக்கிறது. அது 7.5-ஐத் தாண்டினால், கரைசலில் பாதிக்குமேல் வீரியம் குறைந்த ஹைப்போகுளோரைட்தான். 5 முதல் 6.5-க்குள் இருந்தால்தான் பெரும்பகுதி அமிலமாக மாறும். 'வினிகர் ஊற்றினால் இறங்கிவிடுமே' என்று பாட்டிலைத் திறந்தேன்.

"கண்ணு, அதைக் கீழ வை!"

அப்பா. திருப்பூர் சலவைப் பட்டறையில் பல வருஷம் பனியன் துணி வெளுத்தவர்.

"ஆசிட் கூடிப்போனா குளோரின் கேஸ் கிளம்பும். எனக்கு இந்த இருமல் எங்கிருந்து வந்துச்சுன்னு நெனச்சே?"

பீடிகூடத் தொடாதவர் அப்பா. இத்தனை வருஷத்தில் அந்த இருமலைப் பற்றி நான் கேட்டதே இல்லை.

செடிகளுக்கான கரைசலை, உப்புத் தண்ணீரில் மின்சாரம் செலுத்தி, இயந்திரத்தில் அளந்து தயாரிக்கிறார்கள். வீட்டில் பிளீச்சையும் வினிகரையும் சேர்க்கவே சேர்க்காதீங்க மக்களே!

நோய் கண்ட இலைகளைக் கிள்ளிவிட்டு, அப்பா கரைத்துத் தந்த புளித்த மோரைத் தெளித்தோம். இப்போது புதுத் துளிர் வந்திருக்கிறது.

நாளைக்கு டாக்டரிடம் டோக்கன் வாங்கியிருக்கிறேன். அப்பாவுக்கு!