0.3 மில்லிமீட்டர் அடைப்பு

தோழர்களே, இந்த முறை ஒரு சின்னப் பித்தளைத் துண்டைப் பற்றி எழுதுகிறேன். கடைசிவரை படியுங்கள்.

எங்கள் இரவுப் பாடசாலைப் பிள்ளைகளுக்காக மகாத் சவுதார் குளத்தின் மாதிரி ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறேன். 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு நடந்துபோய் நீர் அள்ளிக் குடித்த குளம். ஆடு மாடு குடிக்கலாம், நாம் குடிக்கக் கூடாது என்று வைத்திருந்த குளம். 1:35 அளவில் செய்கிறேன். இந்த அளவில் ஒரு மனிதர் 5 சென்டிமீட்டர்கூட இருக்க மாட்டார்.

"போராட்டத்துல இருக்கிறவருக்கு பொம்மை செய்ய எங்க தோழர் நேரம்?" என்று ஒரு கல்லூரித் தம்பி கேட்டான். பாடப் புத்தகத்தில் மகாத் ஒரு வரி. பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்து ஒரு மதிப்பெண் வாங்கிவிட்டு மறந்துவிடுகிறார்கள். குனிந்து பார்க்க ஒரு குளம் இருந்தால், யார் எங்கே நின்றார்கள், எத்தனை படி இறங்கினார்கள் என்று அவர்களே கேட்பார்கள். அதற்காகத்தான். எனக்கு இது பிடிக்கும் என்பதும் ஒரு காரணம். நம் பிள்ளைகளுக்கும் நமக்கும் பொழுதுபோக்கு இருக்கக் கூடாதா என்ன?

குளத்தில் கஷ்டமான வேலை தண்ணீர்தான். நடுவில் ஆழம், கரையோரம் தெளிவு. கரும்பச்சை கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்துக்கொண்டே வர வேண்டும். சாதாரண பிரஷ்ஷில் அடித்தால் கோடு தெரியும். அதனால் ஏர்பிரஷ். பேனா அளவுள்ள கருவி. கம்ப்ரசரிலிருந்து வரும் காற்று முனையில் பெயின்டை இழுத்துப் புகைபோலத் தூவும். பெயின்ட் வெளியே வரும் வாய்க்குப் பெயர் நாசில். என்னுடையதன் துளை 0.3 மில்லிமீட்டர். அதற்குள் ஓர் ஊசி பொருந்தியிருக்கும். விசையைப் பின்னால் இழுத்தால் ஊசி நகர்ந்து பெயின்டுக்கு வழி விடும்.

நிறங்கள் முடிந்து பளபளப்பு வார்னிஷ் அடித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஒரு வீட்டின் செப்டிக் டேங்கில் இரண்டு பேர். முதலில் இறங்கியவர் பேசவில்லை என்று இரண்டாமவர் இறங்கியிருக்கிறார். ஏர்பிரஷ்ஷை அப்படியே மேஜையில் வைத்துவிட்டு ஓடினேன். பிணவறை வாசல், காவல் நிலையம், மறுபடி பிணவறை வாசல். 'விபத்து' என்று எழுதி முடிக்கப் பார்த்தார்கள். வீடு திரும்ப இரண்டு நாள் ஆனது.

தூக்கம் வரவில்லை. மேஜையில் உட்கார்ந்து விசையை அழுத்தினேன். காற்று மட்டும் வந்தது. கிண்ணத்தில் மிச்சமிருந்த வார்னிஷ் தோல்போல் காய்ந்து கிடந்தது. எனக்கு யார் மேலெல்லாமோ கோபம். தையல் பெட்டியிலிருந்து ஒரு குண்டூசியை எடுத்து நாசிலின் வாயில் குத்தப் போனேன்.

"குத்தாதடா."

கதவோரம் அப்பா. 31 வருடம் பாதாளச் சாக்கடையில் அடைப்பு எடுத்தவர். அத்தனை வருடத்தில் அந்த வேலையைப் பற்றி வீட்டில் அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. வாசலிலேயே குளித்துவிட்டுத்தான் உள்ளே வருவார். நான் அவருடைய மூங்கில் பிளாச்சைத் தொட்டதற்காக ஒருமுறை அடித்திருக்கிறார். அதற்குமுன் என்னை அவர் அடித்ததே இல்லை.

பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "காத்து வருதா?"

"வருது."

"மருந்து நிக்குதா?" பெயின்டை மருந்து என்றுதான் சொல்வார்.

"கிண்ணத்துல நிக்குது. முனை காய்ஞ்சு கிடக்கு."

"அப்போ நடுவுலதான். நெறைஞ்ச மூடிக்கும் காய்ஞ்ச மூடிக்கும் நடுவுல எங்கியோ இருக்கும். முன்னாடி தள்ளாத, ஒடுங்குற எடத்துல போய் இறுகிக்கும். ஊறவிடு. அப்புறம் அகலமா இருக்கிற பக்கமா இழு."

ஏர்பிரஷ்ஷை அவர் வாழ்க்கையில் தொட்டதில்லை. ஆனால் அவர் சொன்னதுதான் சரியான முறை. பித்தளை மிருதுவானது. இரும்பு ஊசியால் குத்தினால் வாய் விரியும் அல்லது கீறல் விழும். பிறகு பெயின்ட் ஒரு பக்கமாகவே தெறிக்கும்.

கிண்ணத்தில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் ஊற்றி ஊறவிட்டோம். காய்ந்த வார்னிஷ் இளகியதும் பின்மூடியைக் கழற்றி ஊசியை மெதுவாகப் பின்னால் உருவினேன். அது முதலில் வர வேண்டும். ஊசி உள்ளே இருக்கும்போதே நாசிலைத் திருகினால் இரண்டுக்கும் சேதம். பிறகு குட்டி ஸ்பேனரால் நாசிலைக் கழற்றி, அதை மட்டும் ஒரு சின்னக் கண்ணாடிக் குடுவையில் லேக்கர் தின்னரில் போட்டேன். முழுக் கருவியையும் தின்னரில் முக்கக் கூடாது, உள்ளேயிருக்கும் ரப்பர் வளையங்கள் உப்பிவிடும்.

தின்னரைத் திறக்கும்முன் ஜன்னலைத் திறந்தேன். கையுறை போட்டேன். இரண்டு பக்கமும் வடிகட்டி வைத்த முகமூடியை மாட்டினேன். கையேட்டில் அப்படித்தான் போட்டிருக்கிறது. அரை டம்ளர் தின்னருக்கு இவ்வளவு ஏற்பாடு.

அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். குடுவையை மூடிவிட்டு முகமூடியைக் கழற்றியதும், "குடு" என்று வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பட்டையைத் தலைக்குப் பின்னால் இழுத்து மாட்டிக்கொண்டார். குடுவையின் மூடியைத் திறந்து முகத்தருகே கொண்டுபோனார். ஒரு மூச்சு, இரண்டு மூச்சு. சட்டென்று முகமூடியைப் பிய்த்து எடுத்து மேஜையில் போட்டார். கை நடுங்கியது.

"வாசனையே வரல."

"அதுக்குத்தானப்பா அது."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "உள்ள நாத்தம் இருக்கிற வரைக்கும் நிப்போம். திடீர்னு நாத்தம் நின்னுபோச்சுன்னா, அடுத்த மூச்சுக்குள்ள மேல ஏறிடணும். பெரியவங்க சொல்லிக் குடுத்தது. ஏறாதவங்களையும் பாத்திருக்கேன்."

அந்தப் பெரியவர்கள் சொன்னது அறிவியல். மலக்குழியில் உருவாகும் ஹைட்ரஜன் சல்பைடு குறைந்த அளவில் அழுகிய முட்டைபோல் நாறும். 100 பி.பி.எம் அளவை நெருங்கும்போது மூக்கின் உணர்வை முடக்கிவிடும். வாயு போய்விட்டது என்று நினைக்கும் நேரத்தில்தான் அது கூடியிருக்கும். 500-ஐத் தாண்டினால் சில மூச்சுகளில் ஆள் சரிந்துவிடலாம். காற்றைவிடக் கனமானது என்பதால் குழிக்குள்ளேயே தங்கும். முதலாமவரைத் தூக்க இறங்கும் இரண்டாமவர் சாவதும் இதனால்தான்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். என் முகமூடியைப் போட்டுக்கொண்டு மலக்குழிக்குள் இறங்கினாலும் சாவுதான். வடிகட்டி முகமூடி இருக்கிற காற்றைச் சுத்தம் செய்யும், இல்லாத ஆக்சிஜனைத் தராது. நாளை ஓர் அதிகாரி, "முகமூடி கொடுத்தோம், அவர்தான் போடவில்லை" என்று சொன்னால், "என்ன முகமூடி?" என்று கேளுங்கள். வெளியிலிருந்து குழாய் வழியாகவோ, முதுகில் சுமக்கும் சிலிண்டரிலிருந்தோ காற்று வந்ததா என்று கேளுங்கள்.

சட்டத்திலும் இதே ஓட்டை இருக்கிறது. 1993-இல் ஒரு சட்டம் வந்தது. பிறகு 2013-இன் சட்டம், அண்ணலின் நினைவு நாளான டிசம்பர் 6 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 7-ஆம் பிரிவு மலக்குழியையும் செப்டிக் டேங்கையும் 'அபாயகரமாக' சுத்தம் செய்ய ஆளை வைப்பதைத் தடை செய்கிறது. முதல் குற்றத்துக்கே 2 ஆண்டுவரை சிறை அல்லது 2 லட்சம்வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் 'அபாயகரம்' என்பதற்கு அந்தச் சட்டம் தரும் விளக்கம், பாதுகாப்புச் சாதனம் கொடுக்காமலும் பாதுகாப்பு விதிகளைப் பின்பற்றாமலும் இறக்குவது என்பதுதான். சாதனம் கொடுத்தேன் என்று சொல்லிவிட்டால் தப்பிக்க ஒரு சந்து. நம் கோரிக்கை நல்ல முகமூடி அல்ல. மனிதர் இறங்கவே கூடாது என்பதுதான்.

அரை மணி நேரம் கழித்து நாசிலை எடுத்தேன். பல் இடுக்கு சுத்தம் செய்யும் சின்ன பிரஷ்ஷை அகலமான பின்பக்கமாக விட்டு, சுழற்றி இழுத்தேன். கண்ணாடித் தாள்போல ஒரு துணுக்கு சுருண்டு வந்தது. அவ்வளவுதான் அடைப்பு. விளக்குக்கு நேரே பிடித்தால் வட்டமாக வெளிச்சம் தெரிந்தது. ஊசியின் நுனியை நகத்தில் இழுத்து வளைவில்லை என்று பார்த்துக்கொண்டு, எல்லாவற்றையும் பூட்டித் தண்ணீர் ஊற்றி அடித்தேன். கிண்ணத்தில் குமிழி வரவில்லை. காற்று திரும்பவில்லை, வழி திறந்துவிட்டது என்று அர்த்தம்.

"வராமப் போயிருந்தா?" என்றார் அப்பா.

"வேற நாசில் வாங்கி மாட்டியிருப்பேன். தனியா விக்கிறாங்க."

அவர் தலையாட்டினார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் பிணவறை வாசலில் ஒப்பந்தக்காரரின் ஆள் சொன்னது ஞாபகம் வந்தது: "வேலைக்கு வேற ஆள் பாக்கணும்."

அந்த அடைப்பு என்னால் வந்தது. வார்னிஷை ஊற்றியவன் நான், கழுவாமல் போனவன் நான். அதனால் கழற்றிச் சுத்தம் செய்ததும் நான். ஏர்பிரஷ் வைத்திருக்கும் எல்லோருக்கும் இது சாதாரண விஷயம். ஊரின் அடைப்புக்கு மட்டும் ஊற்றுகிறவர் ஒருவர், இறங்குகிறவர் வேறொருவர். இறங்குகிறவர் எந்தச் சாதி என்று பிறப்பிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

அப்பாவின் அறிவைப் புகழ்ந்து அந்த வேலையைப் புனிதமாக்க நான் வரவில்லை. குழாயின் உள்ளே பார்க்காமலேயே எங்கே அடைப்பு என்று சொல்லத் தெரிந்த மனிதருக்கு ஒரு பட்டறையோ பொறியியல் வகுப்போ கிடைத்திருக்க வேண்டும். கிடைத்தது மூங்கில் பிளாச்சு. அதில்தான் எனக்குக் கோபம்.

இப்படி ஒரு மரணம் உங்கள் ஊரில் நடந்தால் ஒப்பாரியோடு நிற்காதீர்கள். முதல் தகவல் அறிக்கையில் 2013 சட்டத்தின் பிரிவுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இறந்தவர் பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேர வேண்டும். கையால் மலம் அள்ளும் வேலையில் அவர்களை ஈடுபடுத்துவது 2015 திருத்தத்துக்குப் பிறகு அதன்படியும் குற்றம். மலக்குழி மரணத்துக்கு 2014-இல் 10 லட்சம் என்று சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. பேரம் பேசி 5 லட்சத்தில் கையெழுத்து வாங்க வருவார்கள். குடும்பத்தின் பக்கத்தில் யாராவது ஒருவர் உட்கார்ந்திருங்கள்.

மறுநாள் குளத்தின் கடைசி வார்னிஷை அடித்து முடித்தேன். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"தண்ணிக்கு அடி தெரியுதுடா" என்றார்.

மார்ச் 20 மாலை பிள்ளைகள் வருகிறார்கள். நீங்களும் உங்கள் ஊரில் நான்கு பிள்ளைகளை உட்காரவைத்து மகாத் பற்றிப் பேசுங்கள்.

ஜெய் பீம்.