தஞ்சோங் துவான்: பாறைகளுக்கு இடையே கொஞ்சம் மணல்

கெமாஸில் ரயில் சந்திப்பு உண்டு, செம்பனை உண்டு, கடல்தான் கிடையாது. பள்ளி விடுமுறை வந்தால் கார் தம்பின் வழியாக போர்ட்டிக்சனுக்குப் புறப்பட்டுவிடும். பெரும்பாலும் தெலுக் கெமாங்கோடு பயணம் முடியும். வாழைப்பழப் படகும் ஒலிபெருக்கிப் பாட்டும் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான். நாள் முழுக்க ஒலிவாங்கியோடு பிழைக்கும் எனக்கோ கொஞ்சம் அமைதி வேண்டும்.

அதற்கு இன்னும் சில கிலோமீட்டர் தெற்கே போக வேண்டும். தஞ்சோங் துவான் முனையைச் சுற்றி இருப்பது நெகிரி செம்பிலான் நிலம்; முனை மட்டும் மலாக்காவுக்குச் சொந்தம்! போர்த்துகீசியர் இதற்கு வைத்த பெயர் ‘பிளந்த முனை’ என்று பொருள்படும். 1606இல் அவர்களும் டச்சுக்காரர்களும் கப்பல்களோடு மோதிக்கொண்டது இதன் எதிரே உள்ள கடலில்தான்.

கலங்கரை விளக்கம் வரை தார்ச்சாலை. அங்கிருந்து காட்டுப்பாதை செங்குத்தாக இறங்கும். வேர்களைப் பிடித்துத்தான் இறங்க வேண்டும். கீழே கரும்பாறைகள், நடுவே சின்னச் சின்ன மணல் திட்டுகள். கடை இல்லை, கழிப்பறை இல்லை, நிழலுக்கு மரங்கள் மட்டும். கடல் வற்றும் நேரம் பார்த்துப் போங்கள். நீர் ஏறிவிட்டால் மணல் சுருங்கிவிடும், பாறைகளும் வழுக்கும்.

“நல்ல பாதையும் நாலு கடையும் போட்டால் என்ன?” என்று கேட்பவர்கள் உண்டு. நான் வேண்டாம் என்பேன். இந்தக் காப்புக்காட்டை நம்பி வரும் விருந்தாளிகள் வேறு. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, சுமத்ராவிலிருந்து வடக்கே திரும்பும் தேன் பருந்துகள் நீரிணை குறுகும் இந்த இடத்தில்தான் கடல் தாண்டுகின்றன. பெரிய பருந்துகள் தரையிலிருந்து எழும் வெப்பக்காற்றில் மிதந்து பறப்பவை. கடல்மேல் அந்தக் காற்று கிடைக்காது. சுமார் 38 கிலோமீட்டரும் சிறகடித்தே வர வேண்டும். களைத்து வருகிறவற்றுக்கு முதலில் கண்ணில் படும் காடு இதுதான். வரிசையாக எழும்பிவிட்ட விடுதிகளுக்கு நடுவே இவ்வளவு காடாவது மிஞ்சியிருக்கிறது.

தண்ணீர், குப்பைக்கு ஒரு பை, பிடிமானமுள்ள காலணி போதும். நாசி லெமாக் பொட்டலத்தைக் கையில் ஆட்டிக்கொண்டு போகாதீர்கள், குரங்குகள் பறித்துவிடும். முழங்கால் வலியுள்ள பெரியவர்களைக் கலங்கரை விளக்கத்தின் அருகே நிழலில் உட்கார வையுங்கள். காலை பத்து மணிக்கு மேல், மார்ச் மாதமாக இருந்தால், கீழே இறங்கிய நம்மைவிட அவர்களுக்குத்தான் பருந்துகள் அதிகம் கண்ணில் படும்.