சுட்டியும் ஊரின் எல்லையும்

தமிழ் முதுகலை பயின்ற நாம் சி நிரல்மொழியைப் பற்றி எழுதுவது நண்பர்கள் சிலருக்கு வியப்பளிக்கலாம். காரைக்காலை அடுத்த பட்டினச்சேரியிலிருந்து வரும் மாணவர்கள், தம் ஊர்ப்பெயரைத் தாம் எழுதிய நிரலே அறுத்துவிடுகிறது என்று முறையிட்டனர். வழக்கு எழுத்தைப் பற்றியதாகையால் நாமும் உடன் அமர்ந்தோம்.

'அவ்வூர்' என்றால் எவ்வூர் என்பது புலப்படும்; அதன் எல்லை புலப்படாது. 1970களின் தொடக்கத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய சி மொழியில், பாயிண்டர் எனப்படும் சுட்டியும் நம் சுட்டெழுத்தைப் போன்றதே. ஒரு பெயரைச் செயற்கூறு ஒன்றுக்கு அனுப்பும்போது பெயர் செல்வதில்லை. நினைவகத்தில் அது தொடங்கும் இடத்தின் முகவரி மட்டுமே செல்கிறது.

பட்டினச்சேரி நம் கணக்கில் 7 எழுத்து. புள்ளியையும் உயிர்க்குறிகளையும் தனித்தனியே எண்ணும் யூனிகோடில் 12 குறி. யுடிஎஃப்-8 முறையில் குறிக்கு 3 பைட்டாக 36. முடிவைக் காட்டும் சுழியத்துடன் 37. வரிசையாக அறிவித்த இடத்தில் அளவு கேட்டால் 37 என்றே விடை வரும். செயற்கூற்றினுள் கேட்டால், 64 பிட் கணினியில் 8 என வரும். அது முகவரியின் அளவு, ஊரின் அளவன்று.

மாணவர்கள் 20 பைட் ஒதுக்கியிருந்தனர். ரோமன் எழுத்தில் அவ்வூர் அதில் அடங்கும். தமிழிலோ, சுழியத்துக்கு ஒன்று போக எஞ்சிய 19இல் 'பட்டின' 18ஐக் கொள்ள, சகரத்தின் முதல் பைட் மட்டும் வாலாக ஒட்டிச் சிதைந்த குறியாயிற்று. அளவு பாராமல் முழுதும் நகலெடுத்திருந்தாலோ, வரப்பை மீறிய நீர் போல அண்டை மாறிகள் அழிந்திருக்கும். செயற்கூறு திரும்பிச் செல்லவேண்டிய முகவரியே கெடவும் கூடும்.

ஆகவே சுட்டியுடன் அளவையும் அனுப்புதல் வேண்டும். வெட்டும் இடம் ஒரு குறியின் நடுவே விழுந்தால், அதன் தொடக்கம் வரை பின்வாங்குதல் வேண்டும். தொடர் பைட்டுகள் யாவும் 10 என்னும் பிட்டுகளுடன் தொடங்குவதால் இது எளிது.

அதுவும் போதாது. ஒதுக்கீடு 22 பைட்டாக இருந்தால் 'பட்டினச' என்று நிற்கும், புள்ளி போய்விடும். யூனிகோடு விதிப்படி அதில் பிழையில்லை. பொறி அதை ஏற்கும். தமிழ் அறிந்தவர் ஏற்கார். புள்ளிக்கும் உயிர்க்குறிக்கும் முன்னே வெட்டாதிருக்க ஒரு விதியை மாணவர்கள் சேர்த்தனர். மெய்யையும் உயிர்மெய்யையும் வேறுபடுத்தும் அவ்விதி, அவர்கள் பள்ளியிலேயே படித்ததுதான்.